இன்டர்கூலரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாகனப் பக்கத்தில், சாதாரண காரில் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்துவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புல்லி, பெல்ட், பூஸ்ட் (அது தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) என்று எல்லாவற்றையும் எளிமையாகச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒரு வரி: "இன்டர்கூலர் கூடுதல் சக்தி வேண்டுவோருக்கு, முதலில் சூப்பர்சார்ஜரைப் பொருத்தி ஓட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்." அழுத்தியதால் சூடான காற்றை இன்ஜினுக்குள் போகும் முன் ஆற்றும் கருவிதான் இன்டர்கூலர். அந்த வரியை மறுத்துத்தான் இந்தக் கடிதம்.

இருபத்தாறு வருடமாக இன்ஜின் போரிங், ஹோனிங் (சிலிண்டரைக் குடைந்து, தேய்த்துச் சீராக்குவது) வேலை செய்கிறேன். உடைந்து வரும் பிஸ்டன்களைத் தூக்கிப் போட்டுவிடுவதுதான் பட்டறை வழக்கம். ஒன்றை மட்டும் மேஜையிலேயே வைத்திருக்கிறேன். என் அக்கா மகன் காரின் மூன்றாவது சிலிண்டர் பிஸ்டன் அது. தலைப்பகுதி முழுக்க மணல் அடித்தது போலச் சொரசொரப்பாக இருக்கும். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சுவரில் ஒரு விரல் அகலத்துக்குத் துண்டே இல்லை. உடைந்த இடத்தில் விரலை வைத்தால் இன்றும் கிழிக்கும். அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பளபளத்தன. பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம்.

கட்டுரையில் சொன்ன அதே வரிசையில்தான் அவனும் செய்தான். 2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் மேல் ஒரு ரூட்ஸ் வகை புளோயர், அதாவது சூப்பர்சார்ஜர். பூஸ்ட் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார் அளவு. இன்ஜெக்டரைப் பெரிதாக்கினான், பெட்ரோல் பம்பை மாற்றினான், இன்ஜினை இயக்கும் கணினியான இசியுவில் டைமிங்கும், அதாவது பிளக் தீ வைக்கும் நேரமும், சரிசெய்தான். இன்டர்கூலரை அடுத்த தவணைக்கு வைத்துக்கொண்டான். சாலையில் இரண்டு மாதம் அருமையாக ஓடியது. அப்புறம் ஒருநாள் டிராக் ரேஸ், அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் வேகப் பந்தயம், நடக்கும் தடத்துக்குக் கொண்டுபோனான். முதல் ஓட்டம் 15.1 விநாடி. இரண்டாவது கொஞ்சம் மெதுவு. மூன்றாவது இன்னும் மெதுவு. நான்காவது ஓட்டத்தில் பாதி தூரம் தாண்டியதும் பின்னால் நீலப் புகை.

பையன் மேல் தப்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அஜாக்கிரதையாக இருந்தான் என்றும் சொல்ல மாட்டேன். உள்ளே போகும் காற்று சூடானால் டைமிங்கைத் தானாகப் பின்னுக்கு இழுக்கும்படி இசியுவில் எல்லாம் போட்டுத்தான் வைத்திருந்தான். காற்றின் சூட்டைச் சொல்லும் சென்சார் இருந்த இடம்தான் வினை. ஏர் ஃபில்டரை அடுத்த குழாயில், கம்பெனி வைத்த இடத்திலேயே, அதாவது புளோயருக்கு முன்னால், அது இருந்தது. அங்கே காற்று 35 டிகிரி. இசியுவும் 35 என்றே நம்பியது. புளோயரைத் தாண்டி சிலிண்டருக்குள் போன காற்று 100 டிகிரிக்கு மேல். இன்டர்கூலர் பொருத்தியிருந்தால் அந்த சென்சாரை அதற்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டிய கட்டாயம் வந்திருக்கும். "பிறகு" என்று தள்ளியதால் அதுவும் தள்ளிப்போனது.

100 டிகிரி எங்கிருந்து வருகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது, தலையிலிருந்து டேங்குக்குப் போகும் செம்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். காற்றை அழுத்தினால் சூடாகும். 30 டிகிரி காற்றை 10 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், எந்த இழப்பும் இல்லாத கணக்கிலேயே அது சுமார் 48 டிகிரி கூடும். எந்த புளோயரும் இழப்பில்லாமல் வேலை செய்வதில்லை. 65 சதவீதத் திறன் என்று வைத்தால் கூடுவது 75 டிகிரி. 30உம் 75உம் 105. அடுத்தடுத்து ஓட்டினால் புளோயரின் உடலே சூடேறி அதற்கும் மேல் போகும். என் அக்கா மகனின் வண்டி ஒவ்வொரு ஓட்டத்திலும் மெதுவானது அதனால்தான். வண்டி அவனிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறது.

சூடான காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் சக்தி குறையும் என்று மட்டும்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். உங்கள் கட்டுரையும் அப்படித்தான். இன்ஜினை உடைப்பது அது இல்லை, நாக்கிங். பிளக் வைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவி வருவதற்குள், ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் காற்றுக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடுகிறது. சுத்தியலால் பிஸ்டன் தலையில் அடிப்பது போன்ற அடி அது. 10க்கு 1 கம்ப்ரஷன் உள்ள இன்ஜினில், நுழையும்போது 1 டிகிரி கூடுதலாக இருந்த காற்று, பிஸ்டன் மேலே வந்து அழுத்தி முடிக்கும்போது இரண்டு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிவிடும். வாசலில் 45 டிகிரி குறைத்தால் உள்ளே 90 டிகிரிக்கு மேல் குறையும். இன்டர்கூலர் செய்யும் வேலை இதுதான். இதைக் "கூடுதல் சக்தி வேண்டுவோருக்கு" என்று எப்படி ஒதுக்க முடியும்?

இது இன்று நேற்று தெரிந்த விஷயமும் இல்லை. ரூட்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவின் இண்டியானாவில் 1860இலேயே தங்கள் காற்றூதிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். காரே இல்லாத காலம் அது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ஒன்பதாவது மாடலுக்கு, 1942இல், ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் 60 வரிசை இன்ஜினை வைத்தார்கள். இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர், அதற்கும் சிலிண்டர்களுக்கும் நடுவில் ஒரு இன்டர்கூலர். 9 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. அந்தக் குளிரில் பறக்கும் இன்ஜினுக்கே, அழுத்திய காற்றை ஆற்றித்தான் உள்ளே விட வேண்டியிருந்தது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "டாப் ஃப்யூயல் டிராக்ஸ்டரில் அவ்வளவு பெரிய புளோயர் இருக்கிறது, இன்டர்கூலர் எங்கே இருக்கிறது?" அக்கா மகனும் இதைக் கேட்டான். உண்மைதான், டிராக் ரேஸுக்கென்றே கட்டிய அந்த வண்டியில் இன்டர்கூலர் கிடையாது. ஆனால் அதில் ஓடுவது பெட்ரோல் இல்லை. 90 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன், மீதி மெத்தனால். குழாயில் தண்ணீர் விடுவதுபோல எரிபொருளை ஊற்றுகிறார்கள். அவ்வளவு எரிபொருள் ஆவியாகும்போது காற்றின் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். அந்த இன்ஜின் 1000 அடி தூரம், நான்கு விநாடிக்கும் குறைவாக ஓடும். ஓடி முடித்ததும் முழுக்கப் பிரித்து மாட்டுகிறார்கள். பம்பில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய காருக்கு அதை உதாரணம் காட்டக் கூடாது.

சரி, எங்கள் இன்ஜினுக்கு வருகிறேன். சிலிண்டரை 0.5 மில்லிமீட்டர் பெரிதாக்கி, ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டுக் கட்டினேன். இந்த முறை புளோயருக்கு முன்பே இன்டர்கூலரை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டோம்.

காற்றால் ஆற்றுவதா, தண்ணீரால் ஆற்றுவதா என்பதை வண்டிதான் முடிவு செய்யும். விசிறி சுழன்று காற்றைத் தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் வகை சூப்பர்சார்ஜர் இன்ஜினின் முன்பக்கம் பக்கவாட்டில் நிற்கும். அதிலிருந்து குழாயை பம்பர் பக்கம் கொண்டுவந்து, காற்றால் ஆறும் இன்டர்கூலர் வழியாகத் திருப்பி அனுப்பலாம். பம்ப் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கெட்டுப்போக எதுவும் இல்லை. மேனிஃபோல்டின் மேல் நேராக உட்காரும் ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகளில் அந்த நீளக் குழாய்க்கு வழியே கிடையாது. புளோயருக்கு அடியில், காற்று கீழே இறங்கும் இடத்தில் செங்கல் போல ஒரு கோர், அதாவது காற்றின் சூட்டை வாங்கும் பகுதி. அதற்குள் தண்ணீர். முன்னால் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர், ஒரு மின்சார பம்ப், ஒரு டேங்க். இன்ஜின் கூலன்ட்டோடு இதைச் சேர்க்கக் கூடாது. அது 90 டிகிரியில் ஓடுகிற தண்ணீர், அதை வைத்து எதை ஆற்றுவது?

கோரை மாட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை அடைத்து, மறு பக்கத்தில் 20 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் மூழ்க வைத்தேன். ஒரு குமிழி வந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கோர் சிலிண்டர்களுக்கு நேர் மேலே இருக்கிறது. ஒழுகினால் தண்ணீர் போகும் இடம் சிலிண்டர்தான். தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

அடுத்த பாடத்தைக் கைதான் கற்றுக்கொடுத்தது. எல்லாம் மாட்டி, தண்ணீர் நிரப்பி, ஓட்டிப் பார்த்தோம். சென்சாரை இப்போது கோருக்குப் பின்னால் வைத்திருந்தோம். 60ஐத் தாண்டக் கூடாத இடத்தில் 85 காட்டியது. பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது. கோருக்குள் போகும் ஹோஸைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வெளியே வரும் ஹோஸும் சில்லென்று இருந்தது. ஆனால் கோரின் உடம்பைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அப்போதுதான் புரிந்தது, தண்ணீர் ஓடவே இல்லை. கோர் டேங்கைவிட உயரத்தில் இருந்ததால் மேலே காற்று அடைத்துக்கொண்டிருந்தது. முன் சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, டேங்க் வாய் எல்லாவற்றையும்விட மேலே வரும்படி செய்து, பம்பை மட்டும் ஓடவிட்டு, ஹோஸ்களைக் கையால் பிசைந்து பிசைந்து விட்டோம். அரை மணி நேரம் கொப்புளம் கொப்புளமாக வந்தது. பிறகு டேங்குக்குள் விரல் தடிமனில் தண்ணீர் நிற்காமல் விழ ஆரம்பித்தது. அந்தத் தாரைக் கண்ணால் பார்க்காமல் மூடியைப் போடக் கூடாது. பம்புக்குத் தனி ஃபியூஸ், ரிலே போட்டு, ஓடுகிறதா என்று காட்ட டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கும் வைத்தோம். இந்த பம்ப் நின்றுபோனால் இன்ஜின் வழக்கம்போலவே ஓடும். அதுதான் ஆபத்து.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கட்டுரையாளரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பழைய புல்லி, பழைய பெல்ட், அதே புளோயர். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மீட்டரில் 10 இல்லை, 7.5. அக்கா மகன் முகம் வாடிவிட்டது. "மாமா, பூஸ்ட் போச்சு. கோர் காற்றை அடைக்குது, கழட்டிடலாம்" என்றான்.

அடைக்கவில்லை. புளோயர் ஒவ்வொரு சுற்றுக்கும் தள்ளும் காற்று முன்பு தள்ளிய அதே அளவுதான். அந்தக் காற்று ஆறியதால் சுருங்கியது, சுருங்கியதால் அழுத்தம் குறைந்தது. சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை குறையவில்லை. பூஸ்ட் மீட்டர் எடையைக் காட்டாது, நெருக்கத்தைத்தான் காட்டும். முன்பு காட்டிய 10இல் இரண்டரை வெறும் சூடு. இதை அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுக்கத் தேவைப்பட்டது. பிறகு டைமிங்கை 5 டிகிரி (இது சூடு இல்லை, இன்ஜின் சுற்றும் கோணம்) முன்னுக்குக் கொண்டுபோனோம். நாக்கிங் இல்லை. தடத்தில் 7.5 பிஎஸ்ஐயில் 14.7 விநாடி ஓடியது. 10 பிஎஸ்ஐயில் ஓடியது 15.1. புல்லியைச் சின்னதாக்கி மறுபடி 10க்குக் கொண்டுவந்தபோது 14.3. அப்போது கோருக்கு முன்னால் 108 டிகிரி, பின்னால் 57. நான்கு ஓட்டத்துக்கும் நேரம் 14.3, 14.3, 14.4, 14.3. அந்த நாலு எண்களை அவன் ஒரு சீட்டில் எழுதி, சன் வைசருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறான்.

சென்ட்ரிஃப்யூகல் வகையில் மீட்டர் இப்படி அவ்வளவாக இறங்காது. அதில் அழுத்தத்தை விசிறியின் வேகம்தான் தீர்மானிக்கும். காற்று ஆறினால் அதே அழுத்தத்தில் கூடுதல் காற்று உள்ளே போகும். அங்கே மீட்டர் இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் விழுந்தால், உண்மையிலேயே கோரோ குழாயோ சின்னதாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே மீட்டர், இரண்டு வண்டியில் இரண்டு பொருள். பொதுவாக "இன்டர்கூலர் பூஸ்ட்டைக் குறைக்கும்" என்று கட்டுரையில் ஒரு வரியில் முடித்தது அதனாலும் சரியில்லை.

சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் இன்டர்கூலர் வேறு வேறாக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் பதில் வந்துவிடும். எங்கள் வண்டி முழுவீச்சில் விநாடிக்கு 150 கிராம் காற்று இழுக்கிறது. அதில் 45, 50 டிகிரி சூட்டை எடுக்க 7 கிலோவாட் ஆகும். எங்கள் டேங்கில், ஹோஸ்களில் எல்லாம் சேர்த்து 8 லிட்டர் தண்ணீர். சாலையில் ஒரு லாரியை முந்த 10 விநாடி முழுக்க மிதித்தால், அந்த 8 லிட்டரும் 2 டிகிரி சூடாகும், அவ்வளவுதான். அடுத்து மிதிப்பதற்குள் முன்னால் இருக்கும் ரேடியேட்டர் அதை ஆற்றிவிடும். நீளமான மலை ஏற்றத்தில்தான் ரேடியேட்டரின் அளவு சோதனைக்கு வரும்.

தடத்தில் கதை வேறு. அங்கே இன்ஜின் ஓடும் நேரத்தைவிட, வரிசையில் காத்திருக்கும் நேரம்தான் இன்டர்கூலருக்கு எதிரி. பானெட்டுக்கு அடியில் இன்ஜின் சூடு மெல்ல மெல்ல மேனிஃபோல்டுக்கும் கோருக்கும் ஏறிவிடும். கோட்டுக்கு வந்து நிற்கும்போதே சென்சார் 65 காட்டும். அதனால்தான் டிக்கியில் ஐஸ் டேங்க் வைக்கிறார்கள். 14 விநாடி ஓட்டத்துக்கு எங்களுக்குத் தேவைப்படுவது 100 கிலோஜூல் அளவு. 300 கிராம் ஐஸ் உருகினால் போதும். மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறவர்கள் வீணாக எடையைத்தான் சுமக்கிறார்கள். 3 கிலோ போட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு பம்பை மட்டும் ஓடவிட்டு, கோரை முன்கூட்டியே குளிரவைப்பதுதான் பலன் தரும். 2018இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் காரில், ஏசியின் குளிரையே திருப்பிவிட்டு இந்தத் தண்ணீரை ஆற்றும்படி கம்பெனியே செய்துவிட்டது. இன்னொன்று, தடத்துக்குப் போகும் நாளில் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலன்ட் சிந்தினால் தடம் வழுக்கும், பல தடங்களில் அதற்கு அனுமதியே இல்லை.

மற்றவற்றைக் கட்டுரை சரியாகவே சொன்னது. ஒரு படி குளிர்ந்த பிளக், பெல்ட் வழுக்குகிறதா என்று பார்ப்பது, பூஸ்ட்டின் போது பெட்ரோலை கொஞ்சம் தாராளமாக விடுவது எல்லாம் அவசியம்தான். மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மாற்ற வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. சாதாரண இன்ஜினில் வரும் 1 பார் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் படிக்கும், பூஸ்ட்டைப் படிக்காது. எவ்வளவு அழுத்தினாலும் அது ஒரே இடத்தில் நின்றுவிடும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வாகனப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பட்டறைக்கு வரும் பையன்களை எனக்குத் தெரியும். கட்டுரையைக் கத்தரித்துக் கையில் எடுத்துக்கொண்டே வருவார்கள். அடுத்த வாரம் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி இதுபோன்ற கட்டுரைகளில் பூஸ்ட் எத்தனை பிஎஸ்ஐ என்று எழுதும் இடத்திலெல்லாம், உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரி, அதை எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனின் படம் இரண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒன்று மேலிருந்து எடுத்தது, இன்னொன்று உடைந்த பக்கத்திலிருந்து. இடம் இருந்தால் இரண்டாவதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
இன்ஜின் போரிங் தொழில் செய்யும் தங்கள் நெடுநாள் வாசகர்